பெங்களூரு வீட்டில் ஆறடிக் கடல்நீர்த் தொட்டி: முதன்முறை அமைப்பவர்களுக்கு

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். இந்த அளவுத் தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் 680 லிட்டர் பிடிக்கும். மேலே இரண்டு அங்குலம் விட்டு, பாறையும் மணலும் அடைக்கும் இடத்தையும் கழித்தால் 580 லிட்டர் தேறும். கீழே ஸ்டாண்டுக்குள் வைக்கும் வடிகட்டுத் தொட்டியில் இன்னொரு 120 லிட்டர். ஆக மொத்தம் 700 லிட்டர் கடல்நீர். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 700 லிட்டருக்கானவை. உங்கள் தொட்டி வேறு அளவென்றால் விகிதப்படி கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

முதல் தொட்டியே இவ்வளவு பெரிதா என்று வீட்டில் கேட்பார்கள். கடல்நீர் விஷயத்தில் சின்னதுதான் கஷ்டம். பவளப்பாறை மீன்கள் பழகிய கடலில் உப்பும் வெப்பமும் ஒரே நாளில் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. 60 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் ஆவியானால் உப்பு கிலோ தண்ணீருக்கு 35 கிராமிலிருந்து 36.2 கிராமுக்கு ஏறிவிடும். 700 லிட்டரில் அதே 2 லிட்டர் போனால் 35.1தான். பாறைக்குப் பின்னால் ஒரு மீன் செத்து அழுகினாலும் இதே கதை. தண்ணீர் அதிகமாக இருந்தால் தப்பு நடந்த பிறகு சரிசெய்ய உங்களுக்கு ஒரு நாள் கிடைக்கும், சின்னத் தொட்டியில் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. பம்ப், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர், ஹீட்டர் என்று வாங்கும் எல்லாக் கருவிகளுக்கும் வேலை ஒன்றுதான்: இந்த 700 லிட்டரை மாறவிடாமல் வைத்திருப்பது. எதை வாங்கலாம், எதை விடலாம் என்று குழம்பினால் இதை வைத்தே முடிவு செய்யலாம்.

எடை

கடைக்காரர் சொல்லாமல் விடுவது இதைத்தான். தண்ணீர் 715 கிலோ (கடல்நீர் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம்), 12 மி.மீ. கண்ணாடி 125 கிலோ, கீழ்த்தொட்டி 35, பாறை 50, மணல் 50, இரும்பு ஸ்டாண்டு 80. கூட்டினால் ஒரு டன்னைத் தாண்டுகிறது. இது நிற்கும் இடம் 12 சதுர அடி, அதாவது 1.1 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் இறங்குகிறது. குடியிருப்புத் தளங்களுக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ.

இதனால் தொட்டி வைத்தவுடன் தளம் இடிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அந்த 200 கிலோ அறை முழுவதுக்கும் பரவலாகப் போட்ட கணக்கு, ஆறடிக்கு இரண்டடி மூலைக்கு மட்டும் போட்டதல்ல. ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதுதான் எல்லாம். ஹாலின் நடுவில் வைக்கவே கூடாது. இரண்டு தூண்களுக்கு இடையே பீம் ஓடும் சுவரை ஒட்டி, நீளவாக்கில் வைக்க வேண்டும். பழைய தனிவீட்டின் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குக் கவலை குறைவு. ஹோசூர் ரோடு, ஒயிட்ஃபீல்டு பக்கம் பத்தாவது மாடியில் இருப்பவர்கள் அசோசியேஷனிடம் கட்டட வரைபடம் வாங்கி, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. வாடகை வீடென்றால் ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிரப்பிய தொட்டியை அங்குலம்கூட நகர்த்த முடியாது.

கண்ணாடியும் ஸ்டாண்டும்

இந்த உயரத்துக்கு 12 மி.மீ. கண்ணாடி வழக்கத்தில் உள்ளதுதான், ஆனால் மேல் விளிம்பில் உள்பக்கமாக நீளக் கண்ணாடிப் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். அந்தப் பட்டை இல்லாவிட்டால் தண்ணீரின் அழுத்தத்தில் முன் கண்ணாடி நடுவில் வெளியே பிதுங்கி, நாளாவட்டத்தில் சிலிக்கான் மூட்டு விட்டுப்போகும். 15 மி.மீ. போட்டால் நிம்மதி. பட்டையே இல்லாத திறந்த விளிம்பு வேண்டுமென்றால் 19 மி.மீ. வரை போக வேண்டியிருக்கும். சூடேற்றிக் கடினப்படுத்திய டஃபன்டு கண்ணாடியில் பின்னால் துளை போட முடியாது, ட்ரில் தொட்டதும் மொத்தமும் நொறுங்கிவிடும். ஆகவே துளை எங்கே, எத்தனை என்பதைக் கண்ணாடி வெட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். சிலிக்கான் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத வகையாக இருக்க வேண்டும். குளியலறைக்கு விற்பது ஆகாது.

ஒட்டி ஒரு வாரம் காயவிட்டு, வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன்பே சமமான தரையில் வைத்து விளிம்புவரை சாதாரணத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். மூட்டின் ஓரமாகச் செய்தித்தாள் விரித்து வைத்தால் ஒரு சொட்டுக் கசிவுகூடக் கறையாகக் காட்டிக்கொடுக்கும்.

ஸ்டாண்டுக்கு 40க்கு 40 மி.மீ. இரும்புச் சதுரக் குழாய், 2 மி.மீ. தடிமன். நான்கு மூலை போதாது, முன்னும் பின்னும் நடுவிலும் கால் வேண்டும். உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்து ஊர்ந்து போகும் இடமெல்லாம் துரு பிடிக்கும் என்பதால் எபாக்சி பெயிண்டோ பவுடர் கோட்டிங்கோ கட்டாயம், வெல்டிங் மூட்டுகளில் இரண்டு கோட். மேலே 19 மி.மீ. மரைன் பிளைவுட் (ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்குங்கள்), அதன்மேல் 10 மி.மீ. தெர்மோகோல் ஷீட், அதன்மேல் தொட்டி. பிளைவுட்டில் ஒரு சின்னக் கல் இருந்தாலும் அடிக்கண்ணாடி அந்த இடத்தில் கீறிப் பிளக்கும். தெர்மோகோல் அதை உள்வாங்கிக்கொள்ளும். ரசமட்டம் வைத்து நீளம், அகலம் இரண்டிலும் பார்த்து, ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் சரிசெய்யுங்கள். தொட்டிக்கு அடியில் அட்டை சொருகிச் சரிசெய்வது பெரிய தப்பு.

கீழே ஒரு தொட்டி

ஸ்டாண்டுக்குள் வைக்கும் மூன்றடி வடிகட்டுத் தொட்டியை சம்ப் என்கிறோம். வீட்டு வாசலில் காவிரித் தண்ணீர் தேக்கும் சம்ப் வேறு, இது வேறு. மேல்தொட்டியின் பின்சுவரில் உள்ள பெட்டிக்குள் தண்ணீர் வழிந்து, குழாய் வழியாகக் கீழே இறங்கி, மூன்று அறைகளைக் கடந்து, கடைசி அறையிலுள்ள பம்ப் வழியாக மேலே திரும்பும். முதல் அறையில் 200 மைக்ரான் வடிகட்டிப் பை. நடு அறையில் ஸ்கிம்மர். ஹீட்டரையும் இங்கேயே மறைத்துவிடலாம், தொட்டிக்குள் அசிங்கமாகத் தெரியாது.

வெள்ளம் வருவதும் இங்கேதான், ஆகவே கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். கரண்ட் போனதும் பம்ப் நிற்கும். திரும்பும் குழாயின் வாய் தண்ணீருக்குள் ஓர் அங்குலம் மூழ்கியிருந்தால், அந்த ஓர் அங்குலத் தண்ணீரும் அதே குழாய் வழியே கீழே உறிஞ்சப்படும். ஆறடிக்கு இரண்டடிப் பரப்பில் ஓர் அங்குலம் என்பது 28 லிட்டர். குழாய்களிலும் வழிவுப் பெட்டியிலும் இருப்பது அதற்கு மேல். சம்ப்பில் எப்போதும் 45, 50 லிட்டர் காலி இடம் விட்டிருந்தால் பிரச்சினை இல்லை, இல்லாவிட்டால் டைல்ஸ் மேல் கடல். திரும்பும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 5 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டால் மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துபோகும். இந்தத் துளையில் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிடுங்கள். நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருக்கிறோமே என்று சொல்வார்கள். ஒரு சின்ன நத்தை ஓட்டுத்துண்டு போதும், அது மூடாது.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டால் பம்ப் தன் அறையில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் மேலே ஏற்றிவிடும். அந்த அறையில் இருப்பது 25 லிட்டருக்குள் இருந்தால் மேல்தொட்டியில் ஓர் அங்குலம்கூட ஏறாது, விளிம்பைத் தாண்டாது. அதனால் கடைசி அறையைச் சின்னதாகவே வையுங்கள். இறங்கும் குழாயும் ஒன்று போதாது, 40 மி.மீ. யுபிவிசியில் மூன்று போடுங்கள். முதலாவது கேட் வால்வால் கட்டுப்படுத்தி முழுக்கத் தண்ணீரால் நிரம்பி ஓடுவது, சத்தமே வராது. இரண்டாவதில் கொஞ்சம் வழிந்தோடும். மூன்றாவது வாய் மேலே தூக்கி, காய்ந்தே இருக்கும். முதல் குழாயை நத்தை அடைத்தால் மட்டம் ஏறி மற்ற இரண்டும் எடுத்துக்கொள்ளும். மீன் விடுவதற்கு முன் முதல் வால்வை வேண்டுமென்றே முழுக்க மூடி, மற்ற இரண்டும் சமாளிக்கிறதா என்று நின்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்கியும் பாருங்கள். இந்த இரண்டு சோதனையும் செய்யாத தொட்டி என்றைக்காவது ராத்திரி வேலையைக் காட்டும்.

ஸ்கிம்மர் என்பது மீன் கழிவு அழுகுவதற்கு முன்பே எடுத்துவிடும் கருவி. உப்புத் தண்ணீரில் காற்றை அடித்தால் பால்போல மிக நுண்ணிய குமிழிகள் வரும். கழிவிலுள்ள புரதமும் கொழுப்பும் அந்தக் குமிழிகளின் மேல் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறி ஒரு கப்பில் விழும். நல்ல தண்ணீரில் குமிழிகள் பெரிதாகச் சேர்ந்துவிடுவதால் இது அங்கே வேலை செய்யாது. பெட்டியில் 700 லிட்டருக்கு என்று போட்டிருந்தால் அது கொஞ்சம் மீன் உள்ள தொட்டிக்கான கணக்கு. 1,000 முதல் 1,400 லிட்டர் என்று போட்டதை வாங்குங்கள். அது நிற்கும் அறையில் நீர்மட்டம் மாறாமல் இருக்க வேண்டும். பல மாடல்களுக்கு 18 முதல் 22 செ.மீ., சரியான அளவைப் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். புதிதாக வைத்த ஸ்கிம்மர் முதல் சில நாள் பைத்தியம் பிடித்ததுபோல வழியும், அல்லது ஒன்றுமே எடுக்காது. ஒரு வாரம் தொடாமல் விடுங்கள்.

மேல்தொட்டிக்குள் தண்ணீரைச் சுழலவிடும் இரண்டு வேவ்மேக்கர். மீன்கள் மட்டும் என்றால் இரண்டும் சேர்ந்து மணிக்கு 8,000 முதல் 12,000 லிட்டர் தள்ளினால் போதும். திரும்பும் பம்ப் மணிக்கு 2,500 லிட்டர் மேலே சேர்த்தால் சரி. ஆனால் பம்ப் பெட்டியில் எழுதியிருப்பது உயரம் ஏறாத கணக்கு. ஐந்தடி ஏற்றினால் கணிசமாகக் குறையும், அதையும் சேர்த்து வாங்க வேண்டும்.

பெங்களூரு தண்ணீர்

இந்த ஊரில் கடல்நீர்த் தொட்டிக்குச் சாதகம் வெயில். 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சென்னை அளவுக்குச் சூடு இல்லை. பாதகம் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் பல ஏரியாவில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 500க்கு மேல், சில இடங்களில் ஆயிரத்தையும் தாண்டும். காவிரித் தண்ணீர் எவ்வளவோ மேல், ஆனால் குளோரின் இருக்கும். கோடையில் டேங்கர் வாங்கும் அடுக்ககங்களில் லோடுக்கு லோடு தண்ணீரே மாறும். நேற்று 400, இன்று 900.

இதில் உப்பைக் கலந்தால் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் தொட்டிக்குள் போய் முதல் மாதமே பாசி பிடித்துவிடும். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்ஓ போதாதா என்பது அடுத்த கேள்வி. போதாது. அது ருசிக்காகக் கொஞ்சம் தாதுக்களை மறுபடி கலந்து 50 முதல் 100 டிடிஎஸ்ஸில்தான் விடுகிறது. நமக்கு வேண்டியது பூஜ்யம். அதற்கு செடிமென்ட் ஃபில்டர், கார்பன் பிளாக், ஆர்ஓ மெம்பரேன், கடைசியாக மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ ரெசின் என்று நான்கு கட்டம் உள்ள ஆர்ஓடிஐ வேண்டும். கார்பன் மெம்பரேனுக்கு முன்னால் இருப்பதற்குக் காரணம் உண்டு, குளோரின் மெம்பரேனைத் தின்றுவிடும். டிடிஎஸ் மீட்டர் ஒன்று கூடவே வாங்குங்கள். கடைசிக் குழாயில் 2, 3 என்று காட்ட ஆரம்பித்ததும் ரெசின் மாற்றும் நேரம். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு மெம்பரேனைத் தாண்டிவந்து ரெசினைச் சீக்கிரம் தீர்த்துவிடும். முதலில் ஒரு டிரம்மில் பிடித்து ஓரிரவு காற்றடித்துவிட்டு மோட்டார் மூலம் ஏற்றினால் ரெசின் கொஞ்சம் கூடுதல் நாள் வரும்.

75 ஜிபிடி (ஒரு நாளைக்கு 75 கேலன்) மெம்பரேன் காகிதத்தில் ஒரு நாளைக்கு 284 லிட்டர் தரும். வீட்டுக் குழாயின் அழுத்தத்தில் அது வராது. பூஸ்டர் பம்ப் போட்டும் 700 லிட்டர் சேர நான்கைந்து நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு மூன்று லிட்டர் வீதம் கழிவு போனால் முதல் நிரப்பலுக்கே 2,100 லிட்டர். 2024 மார்ச்சில் கார் கழுவக் குடிநீர் பயன்படுத்தினால் அபராதம் என்று அறிவித்த ஊர் இது. கழிவுத் தண்ணீரைக் கால்வாயில் விடாதீர்கள். தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற அது தாராளமாகப் போதும். செடிக்கு மட்டும் யோசியுங்கள், உப்பு தேங்கும்.

உப்பு

கடற்கரை 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, கேனில் கடல்நீர் கொண்டுவரும் எண்ணம் வேண்டாம். செயற்கைக் கடல் உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 37 கிராம் பிடிக்கும். 700 லிட்டருக்கு 26 கிலோ. சமையல் உப்பும் கல்லுப்பும் ஆகாது. கடல்நீர் என்பது சோடியம் குளோரைடு மட்டுமல்ல. கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் சரியான விகிதத்தில் இருந்தால்தான் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) 8.1, 8.2-இல் நிற்கும்.

முதல் முறை மட்டும் தொட்டிக்குள்ளேயே கலக்கலாம், உள்ளே உயிர் எதுவும் இல்லையே. வரிசை இப்படி: காய்ந்த பாறையை அடுக்குவது, ஆர்ஓடிஐ தண்ணீர், பம்ப்களை ஓட்டிவிட்டு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது, ஒருநாள் ஓடவிட்டு அளப்பது, கடைசியில் மணல். எப்போதும் தண்ணீரில் உப்பைத்தான் போட வேண்டும். உப்புக் குவியல்மேல் தண்ணீர் ஊற்றினால் அந்த அடர்த்தியில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும், அது மறுபடி கரையாது. அளக்க, ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர். இலக்கு கிலோவுக்கு 35 கிராம், அடர்த்தியாகப் படித்தால் 1.026. 35 என்று அளவிட்ட திரவம் கூடவே விற்கும், அதை வைத்துத்தான் கருவியைச் சரிபார்க்க வேண்டும். வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் காட்டுவது 35-இல் சரியாகக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

பாறை 40 முதல் 60 கிலோ, நுண்துளை அதிகம் உள்ள காய்ந்த வகை. கண்ணாடித் தரையில் நேராக நிற்க வேண்டும், மணல்மேல் அல்ல. மணலைத் தோண்டும் மீனோ இறாலோ அடியைப் பறித்தால் பாறை சரிந்து கண்ணாடியில் மோதும். முன்கண்ணாடியிலிருந்து 10 செ.மீ. விடுங்கள், துடைக்கும் காந்தம் போக இடம் வேண்டும். சுவர்போல அடுக்காமல் இடையில் ஓட்டை விட்டு அடுக்கினால் தண்ணீர் பின்னாலும் போகும். மணல் அரகோனைட் (கால்சியம் கார்பனேட் வகை), மூன்று செ.மீ. ஆழத்துக்கு 50 கிலோ. கழுவிவிட்டு மூன்று அங்குலப் பிவிசி குழாய் வழியாகத் தரைக்கு இறக்கினால் தொட்டி ரொம்பக் கலங்காது. கட்டடத்துக்கு வாங்கும் எம்-சாண்டும் ஆற்று மணலும் வேண்டாம், சிலிக்கேட் கரைந்து பழுப்புப் பாசிக்குத் தீனியாகும்.

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அல்ல. தினம் 6 முதல் 8 லிட்டர் போகும், பிப்ரவரி, மார்ச் மாத வறண்ட காற்றில் இன்னும் அதிகம். அதை ஈடுசெய்ய ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்ஓடிஐ தண்ணீர். தானாக ஊற்றும் கருவிக்கு 25 லிட்டர் கேன் போதும். கருவி மாட்டிக்கொண்டு மொத்தத்தையும் ஊற்றிவிட்டாலும் உப்பு 33.8-க்குத்தான் இறங்கும், மீன் தாங்கும். ஆர்ஓ குழாயை நேரே தொட்டியோடு இணைத்தவர்களுக்கு இந்த வரம்பு கிடையாது.

மீன் இல்லாத ஆறு வாரம்

தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும், விளக்கும் எரியும், ஆனால் தொட்டி தயாராகவில்லை. மீனின் கழிவிலும் மிச்ச உணவிலும் அம்மோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் ஓரளவுவரை மீனை ஒன்றும் செய்யாது, அதை நாம் தண்ணீர் மாற்றி எடுத்துவிடலாம். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பவை அல்ல, பாறையின் துளைகளிலும் மணலிலும் ஒட்டி வளர்பவை. அதனால்தான் நுண்துளை உள்ள பாறை. அதனால்தான் பிறகு எப்போதும் பாறையைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது.

கடல்நீரில் அம்மோனியா ஏன் இவ்வளவு பயம்? அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும், செவுளைச் சுடுவது ஒன்று, அவ்வளவு தீங்கில்லாதது மற்றொன்று. பிஎச் 7-இல் சுடும் வடிவம் மிகச் சொற்பம். பிஎச் 8.2-இல் அதே அளவு அம்மோனியாவில் சுடும் பங்கு பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடும். நல்ல தண்ணீர்த் தொட்டியில் மீன் தாங்கிய அளவு இங்கே கொன்றுவிடும்.

பாக்டீரியா வளர அதற்குச் சாப்பாடு போட வேண்டும். ஒரு நீல டாம்செல் மீனை விட்டு அதன் கழிவிலேயே தொட்டியைப் பழக்கலாம் என்று இன்னும் சில கடைகளில் சொல்வார்கள். அந்த மீன் செவுள் வெந்து சாகும், அல்லது பிழைத்துத் தொட்டிக்கே ரவுடியாகிப் பிறகு வருபவற்றைக் கடிக்கும். பிடித்து வெளியே எடுக்கப் பாறை முழுவதையும் கலைக்க வேண்டும். மீனே தேவையில்லை. நவச்சாரம் என்று நாம் சொல்லும் அம்மோனியம் குளோரைடு போதும். ஈயம் பூச விற்கும் கட்டி அல்ல, ரசாயனக் கடையில் கிடைக்கும் சுத்தமான பொடி. 700 லிட்டரில் அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) ஆக 4.5 கிராம். ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். பாட்டில் பாக்டீரியாவையும் சேர்த்துக்கொள்ளலாம், அது தயிருக்கு உறை ஊற்றுவதுபோல. பாலும் சூடும் சரியில்லாமல் உறை மட்டும் ஊற்றினால் தோயாது. தண்ணீர் 27 டிகிரியில் இருக்கட்டும், பம்ப்கள் ஓடட்டும், விளக்கு வேண்டாம், எரிந்தால் பாசிக்குத்தான் லாபம்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். முதலில் அம்மோனியா நகராமலே நிற்கும். இரண்டாம் வாரம் போல இறங்க ஆரம்பிக்கும், உடனே நைட்ரைட் ஏறும். நைட்ரைட் டெஸ்ட் கிட்டின் வண்ணம் உச்சத்திலேயே ஒட்டிக்கொண்டதுபோல இரண்டு வாரம் இருக்கும். பலர் பொறுமை இழப்பது இங்கேதான். இந்த நாட்களில் நைட்ரேட் டெஸ்ட் செய்யாதீர்கள், நைட்ரைட் கலந்து பொய்யாக அதிகம் காட்டும். அம்மோனியா பூஜ்யம் தொட்டதும் மறுபடி 4.5 கிராம். அப்படிப் போட்ட அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். காய்ந்த பாறையோடு ஆரம்பித்தால் நான்கு முதல் ஆறு வாரம். பிறகு நைட்ரேட் பார்த்து, 30-க்கு மேல் இருந்தால் 40 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள்.

அதற்குப் பிறகும் முதல் சில மாதம் மணல்மேல் பழுப்புப் படலம் வரும், பின்னால் பச்சை நூல் பாசி வரும். வாரம் ஒருமுறை உறிஞ்சி எடுங்கள், சில நத்தைகளை விடுங்கள். பாசி மருந்து தேடி ஓடாதீர்கள், பாறையில் வளர்ந்த பாக்டீரியாவும் சேர்ந்து சாகும்.

சூடும் கரண்டும்

தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். டிசம்பர் ராத்திரிக்கு ஹீட்டர் வேண்டும். 600 வாட் ஒன்று வாங்காமல் 300 வாட் இரண்டு வாங்குங்கள். ஒன்று கெட்டு எரிந்துகொண்டே இருந்தாலும் 300 வாட்டால் இவ்வளவு தண்ணீரை உடனே வேகவைக்க முடியாது. ஒன்று செத்தால் மற்றது ஓரளவு தாங்கும். ஏப்ரலில் எதிர்ப் பிரச்சினை. பம்ப்களின் சூடும் சேர்ந்து தண்ணீர் 29, 30-க்குப் போகும். பெங்களூரு கோடைக் காற்று வறண்டது என்பதால் நீர்ப்பரப்பின்மேல் இரண்டு சின்ன ஃபேன் வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும், பதிலுக்கு ஆவியாகும் தண்ணீர் கூடும். மேற்குச் சுவர், மொட்டைமாடிக்குக் கீழ்த்தளம் என்றால் கால் ஹெச்பி சில்லர் யோசிக்கலாம், ஆனால் அதை வெப்பக்காற்று வெளியே போகும் இடத்தில் வையுங்கள். ஸ்டாண்டுக்குள் அடைத்து வைத்தால் அறையைச் சூடாக்கி, தன்னையே எதிர்த்து ஓடும்.

கரண்ட் போனால் மீனைக் கொல்வது சூடு அல்ல, ஆக்சிஜன் குறைவு. இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரும் திரும்பும் பம்பும் மட்டும் போதும், இரண்டும் சேர்ந்து 110 வாட் போல. 150 ஏஹெச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் எட்டு மணி நேரமாவது தாங்கும். ஹீட்டரையும் சில்லரையும் இதில் போடாதீர்கள். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்று பாருங்கள், சதுர அலை வகையில் ஏசி பம்ப் மோட்டார் முனகிச் சூடாகும். தொட்டிக்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு முன் ஒருமுறை தாழ்ந்து வளைந்து ஏற வேண்டும், வயர் வழியே வழியும் உப்புத்தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும்.

மீன் வாங்கும்போது

முதலில் ஒரு சட்ட விஷயம். பாறை கட்டும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கடல் விசிறி, கடல் அட்டை, கடல் குதிரை எல்லாமே சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. ராமேஸ்வரம் போனபோது கரையில் கிடந்தது என்று பவளக்கல்லை எடுத்துவருவதும் குற்றம்தான். முதல் வருடம் மீன்கள் மட்டும் என்று வைத்துக்கொண்டால் சட்டச் சிக்கலும் இல்லை, விளக்குச் செலவும் மிச்சம்.

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கமோ வேறு எங்கோ, மீனைச் சாப்பிட்டுக் காட்டச் சொல்லிவிட்டு வாங்குங்கள். சாப்பிடாத மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். க்ளவுன் மீனில் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்ததைக் கேளுங்கள். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதற்கான முறையையே உருவாக்கியிருக்கிறது. கடலில் பிடித்ததைவிட அது தொட்டிக்கும் உணவுக்கும் எளிதாகப் பழகும்.

வாங்கிய மீன் நேரே பெரிய தொட்டிக்குப் போகக் கூடாது. 80 லிட்டர் தனித்தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ளப் பிவிசி குழாய்த்துண்டு, நான்கு வாரம். வெள்ளைப்புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் புகுந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியைச் சுமார் 11 வாரம் மீனில்லாமல் வைக்க வேண்டும். செப்பு மருந்தை அங்கே ஊற்ற முடியாது, நத்தையும் இறாலும் சாகும், பாறையும் மணலும் செப்பை உறிஞ்சிக்கொள்ளும்.

இன்னொன்று கடைத் தண்ணீரின் உப்பு. பல கடைகளில் உப்பை மிச்சப்படுத்தவும் ஒட்டுண்ணியைக் குறைக்கவும் 1.019, 1.020-இல் வைத்திருப்பார்கள். பையைத் திறந்ததும் அந்தத் தண்ணீரை அளங்கள். தனித்தொட்டியை அதே அளவில் முன்கூட்டியே வைத்திருந்து, மீனை விட்டபின் நாளுக்கு 0.001 வீதம் ஏற்றுங்கள். குறைந்த உப்பிலிருந்து அதிக உப்புக்கு ஒரே நாளில் போன மீன் மூன்றாம் நாள் காரணமே தெரியாமல் சாகும். வெகுதூரம் பையில் வந்த மீனுக்குச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் தண்ணீர் விடும் பழக்கமும் வேண்டாம். பையைத் திறந்ததும் கார்பன் டைஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், அதுவரை தூங்கிய அம்மோனியா சுடும் வடிவத்துக்கு மாறும். வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

முதலில் ஒரு ஜோடி க்ளவுன். பாக்டீரியா புதுச் சுமைக்கு ஏற்ப வளர வேண்டும், ஆகவே நான்கு வாரத்துக்குப் பிறகுதான் அடுத்தது: ஃபயர்ஃபிஷ், ராயல் கிராமா, பங்காய் கார்டினல் போன்ற சாதுக்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 70 லிட்டர் தண்ணீர் மாற்றம், அதற்கு 2.6 கிலோ உப்பு. வடிகட்டிப் பையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை துவைத்து மாற்றுங்கள், பிடித்த கழிவு அங்கேயே அழுகினால் வடிகட்டியதற்கே அர்த்தமில்லை. டாங் வகைகள் கடைசி. முதலில் விட்டால் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொண்டு வருபவற்றை வாலிலுள்ள முள்ளால் கீறும். கடையில் நான்கு விரல் நீளத்தில் விற்கும் நீல டாங் 30 செ.மீ. வரை வளரும். அதற்கு ஆறடி என்பது குறைந்தபட்ச அளவு, ஒன்றுக்கு மேல் இந்தத் தொட்டியில் வேண்டாம்.